புஜோரா குன்றும் ஷிங்வெங்வே பூதமும்

கொஞ்சம் நீளமான பதிவு இது. வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தே முப்பது வருஷத்தைக் கழித்தவள் நான். சுருக்கிச் சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் குடும்பம் தான்சானியாவில், முவான்சா என்ற ஊரில் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை. விக்டோரியா ஏரியின் தென்கரையில் இருக்கிற ஊர். ஏரிக்குள்ளும் கரையிலும் ஊருக்கு நடுவிலும் ஆள் அடுக்கி வைத்தது போலப் பெரிய பெரிய கருங்கல் பாறைகள். பாறை நகரம் என்றே அதற்குப் பெயர். நான் மூன்று மாதம் அங்கே இருந்தேன். முதல் மாதம் முழுக்க சமையல்கட்டும் பால்கனியும்தான். பிறகு ஒரு சனிக்கிழமை, நாலாம் வகுப்பு படிக்கும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு புஜோராவுக்குப் போனோம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முவான்சாவிலிருந்து முசோமா போகும் சாலையில் ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் கிசேசா என்ற ஊர் வருகிறது. அதன் பக்கத்தில் இருக்கும் சிறு குன்றுதான் புஜோரா. சுகுமா அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. சுகுமா என்பது ஒரு இனத்தின் பெயர். தான்சானியாவில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு, அவற்றில் மக்கள்தொகையில் பெரியது இதுதான். ஏரிக்குத் தெற்கே உள்ள சமவெளியில் மாடு வளர்த்து, சோளமும் பருத்தியும் விளைவித்து வாழ்கிறவர்கள். 'சுகுமா' என்றால் 'வடக்கு'. தெற்கே இருக்கும் நியாம்வேசி மக்கள் வடக்கத்தியார் என்று சொல்லப்போக, அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பெட்டி, தூசி, தூங்கும் காவலாளி என்று நினைத்துக்கொண்டு போனேன். இது வேறு மாதிரி. மரங்களுக்கு நடுவே தனித்தனி வீடுகள். கொல்லர் வீடு ஒன்று, நாட்டு வைத்தியர் வீடு ஒன்று, பழைய மாதிரிக் கூரை வேய்ந்த குடியிருப்பு ஒன்று. சின்னக் கட்டடம் ஒன்று அரசரின் ஆசன வடிவத்திலேயே கட்டப்பட்டிருக்கிறது. அதற்குள் அரசர்களின் முரசுகள் இருக்கின்றன.

அந்த முரசுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சுகுமா மக்களுக்கு ஒரே ராஜா என்று யாரும் இருந்ததில்லை. ஐம்பது போலச் சின்னச் சின்ன ஆட்சிப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். அவரை 'என்டெமி' என்பார்கள். வெட்டுவது என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து வந்த பெயராம். காட்டை வெட்டி ஊரை உண்டாக்கியவர் என்று சிலர் சொல்வார்கள். வழக்கை 'வெட்டி'த் தீர்ப்பவர் என்று சிலர் சொல்வார்கள். ஆட்சிக்கு அடையாளம் முரசும் ஆசனமும்தான்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானியர்கள் வந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த இடத்துக்குப் பிரிட்டிஷார் வந்தார்கள். இருவருமே இந்தத் தலைவர்களை ஒழிக்கவில்லை, வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். வரி வாங்கிக் கொடுப்பதும், இத்தனை பருத்தி நடு, இத்தனை மாட்டைக் குறை என்ற உத்தரவை ஊருக்குச் சொல்வதும் தலைவரின் வேலையாகிவிட்டது. முரசு அவர் வீட்டிலேயேதான் இருந்தது, ஆனால் ஊர் மக்கள் அவரைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. 1961-இல் டாங்கனிக்கா விடுதலை பெற்றது. 1963-இல் சட்டம் போட்டுத் தலைவர் பதவிகளையே எடுத்துவிட்டார்கள். நாடு முழுக்க ஒரே நாளில் அத்தனை முரசுகளும் வெறும் தோலும் மரமும் ஆகிப்போயின.

அவற்றில் சில புஜோராவுக்கு வந்து சேர்ந்தன. அங்கே அதற்கு முன்பே ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். அவர் கனடாவின் கியூபெக் பகுதியிலிருந்து வந்த கத்தோலிக்கப் பாதிரியார் டேவிட் கிளமென்ட்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு நெருடல். நேராகவே சொல்கிறேன். அந்த மக்களின் முன்னோர் வழிபாட்டை, வைத்தியத்தை, ஆட்டத்தையெல்லாம் பேய் வேலை என்று சொல்லித் தூக்கிப் போட வைத்தவர்களில் மிஷனரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் அதே பொருள்களைச் சேர்த்துப் பத்திரப்படுத்துகிறார் என்றால் எப்படி எடுத்துக்கொள்வது?

ஆனால் அவர் செய்த விதத்தைப் பார்த்த பிறகு கொஞ்சம் சமாதானமானேன். 1950-களிலேயே உள்ளூர்ப் பெரியவர்களைக் கூட்டி ஒரு ஆய்வுக் குழு அமைத்தார். கதை, பாட்டு, பழமொழி, வழக்கம் எல்லாவற்றையும் அவர்களை வைத்தே எழுத வைத்தார். எது முக்கியம், எதற்கு என்ன பெயர் என்று சொன்னது அந்தப் பெரியவர்கள். அவர் கட்டிய தேவாலயம் சுகுமா வீட்டைப் போல வட்டமானது. பீடம் என்டெமியின் ஆசன வடிவில் இருக்கிறது. வழிபாட்டில் லத்தீன் மட்டுமே கேட்ட காலத்தில் முரசை உள்ளே விட்டவர் அவர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடி, உள்ளூர் மொழியில் வழிபடலாம் என்று சொன்னதெல்லாம் 1960-களில்தான்.

அருங்காட்சியகமாக அது உருவானதும் 1960-களில்தான். அப்போது நாடே இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. 1962 டிசம்பரில் குடியரசுத் தலைவரான ஜூலியஸ் நியரேரே உடனே செய்த வேலைகளில் ஒன்று, தேசியப் பண்பாட்டுக்கும் இளைஞர்களுக்கும் சேர்த்து ஒரு அமைச்சகம் வைத்தது. வெள்ளைக்காரர்களின் நடனம் ஆடத் தெரிந்ததில் நமக்குப் பெருமை, நம் ஊர் ஆட்டம் தெரியாததில் வெட்கமில்லை என்று அந்த உரையில் வருத்தப்பட்டார். அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 'ம்வாலிமு' என்றுதான் இன்றும் அவரைச் சொல்கிறார்கள், ஆசிரியர் என்று பொருள். ஒரு நாடு தன் தலைவரை 'வாத்தியார்' என்று கூப்பிடுவதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே வாத்தியாரின் ஆட்சிதான் 1970-களின் நடுவில், சிதறிக் கிடந்த வீடுகளை விட்டு மக்கள் எல்லோரும் கூட்டுக் கிராமங்களுக்கு வர வேண்டும் என்று சொன்னது. பல இடங்களில் கட்டாயப்படுத்தித்தான் நகர்த்தினார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் சுகுமா குடும்பங்களுக்கு வீட்டு முற்றத்திலேயேதான் முன்னோருக்கான சிறு குடில் இருக்கும். வீட்டை விட்டுப் போனால் அதையும் விட்டுத்தான் போக வேண்டும். புஜோராவில் வைத்தியர் வீட்டின் முன் கையகலக் கூரையோடு ஒரு குட்டிக் குடில் இருந்தது. பேத்தி அதைப் பொம்மை வீடு என்று நினைத்துக் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாங்கள் போன அன்று ஒரு பள்ளிக்கூடமும் வந்திருந்தது. பிள்ளைகள் எங்களைப் பார்த்ததும் 'ஷிகாமூ' என்றார்கள். பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது. 'மராஹபா' என்று பதில் சொல்ல வேண்டும் என்று பேத்தி என்னை இடித்தாள். சுற்றிக் காட்டிய இளைஞர் பிள்ளைகளிடம் சுகுமா மொழியில் 'ம்வங்கலூக்கா' என்றார். காலை வணக்கம். பாதிப் பேர் பதில் சொன்னார்கள். மீதிப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். தெரியாததை மறைக்கச் சிரிக்கிற சிரிப்பு அது, வகுப்பில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் சுவாஹிலி, மேல்வகுப்பில் ஆங்கிலம். நூறு இனங்களை ஒரே நாடாகச் சேர்த்தது சுவாஹிலிதான், அதில் சந்தேகமே இல்லை. பக்கத்து நாடுகளில் இனச் சண்டை நடந்தபோதெல்லாம் தான்சானியா ஓரளவு அமைதியாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நகரத்தில் வளரும் சுகுமா பிள்ளைக்குத் தன் பாட்டியின் மொழி அரைகுறையாகத்தான் வருகிறது.

எனக்கு அங்கே ரொம்பப் பிடித்தது முரசுகூட இல்லை, எண்கள்தான். சுகுமா மக்களிடம் ஒன்று முதல் பத்து வரை எண்ணுவதற்கு ஒரே முறை மட்டும் இருந்ததில்லை. வயதுக் குழுவுக்கு ஒரு விதமாகத் தனிச் சொற்கள். சின்னப் பிள்ளைகள் எண்ணுவது ஒன்று, வளர்ந்தவர்கள் எண்ணுவது இன்னொன்று. அவற்றை வரிசையாகக் காட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு குழு பேசுவது அடுத்த குழுவுக்குப் புரியாது. பெரியவர்கள் முன்னாலேயே பையன்கள் தங்களுக்குள் கணக்குப் பேசிக்கொள்ளலாம்! ஒரே வாய்ப்பாட்டைத் தலையில் அடித்துச் சொல்லிக் கொடுத்த எனக்கு, இப்படி ஒரு ஊர் இருந்திருக்கிறது என்பதே பெரிய ஆச்சரியம். வந்திருந்த பையன்கள் அந்தச் சொற்களை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சர் அதட்டவில்லை. நல்ல டீச்சர்.

அடுத்து ஆட்டம். சுகுமா நாட்டில் பகிகா, பகாலு என்று இரண்டு பெரிய ஆட்டக் கூட்டங்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ங்கிகா, குமா என்று இரண்டு பேர். இருவரும் ஆட்டக்காரர்கள், இருவரும் வைத்தியர்கள். யார் மருந்து வலியது என்று தகராறு வந்ததாம். சண்டை போடாமல் போட்டி ஆட்டம் வைத்துக்கொண்டார்கள். ஒரே நேரத்தில், எதிரெதிரே இரண்டு கூட்டமும் ஆடும். நடுவர் கிடையாது. பார்க்க வந்த கூட்டம் யார் பக்கம் நகர்ந்து போகிறதோ அவரே ஜெயித்தவர். இன்றும் அப்படித்தான். கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்க ஒவ்வொரு வருஷமும் புதிது புதிதாக ஏதாவது செய்தாக வேண்டும். மலைப்பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடுவதும் உண்டு. மண்வெட்டியை ஆகாயத்தில் வீசிப் பிடித்து ஆடும் ஆட்டத்துக்குப் 'புகோபோகோபோ' என்று பெயர். வயலில் கூட்டமாக நின்று கொத்தும்போது பாடிய பாட்டிலிருந்து வந்தது. ஜூன் மாதம், நற்கருணைத் திருநாளை ஒட்டி, 'புலாபோ' என்ற பெயரில் புஜோராவில் இந்தப் போட்டி நடக்கிறது. தேவாலயத் திருநாளும் நாட்டு வைத்தியர்களின் ஆட்டமும் ஒரே குன்றில்! கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாததை ஆட விட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள். இளைஞர்கள் அங்கே வருவது இதற்காகத்தான். முரசைப் பார்க்க யார் வரப்போகிறார்கள்?

இந்தியர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. அங்கே நம்மை 'வஹிண்டி' என்பார்கள். இந்தியர் என்று பொருள், வசவு இல்லை. ஆனால் சில வாய்களிலிருந்து வரும்போது அதில் ஒரு பழைய கசப்பு இருக்கும். காரணம் பருத்தி. பிரிட்டிஷ் காலத்தில் சுகுமா விவசாயி விளைவித்த பருத்தியை வாங்கியதும் அரைத்ததும் பெரும்பாலும் இந்திய வியாபாரிகள். குஜராத்தைச் சேர்ந்தவர்களே அதிகம். எடையில் ஏமாற்றுகிறார்கள் என்பது விவசாயிகளின் பெரிய குறை. 1950-களின் தொடக்கத்தில் பால் போமானி என்ற இளைஞர் முன்னின்று விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்தார். வாங்கும் இடங்களில் தங்கள் ஆளையே தராசுப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். 1955-இல் விக்டோரியா கூட்டுறவு சம்மேளனம் உருவானது. சில ஆண்டுகளில் அது ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய கூட்டுறவுகளில் ஒன்றாக வளர்ந்தது. போமானி விடுதலைக்குப் பின் நிதியமைச்சரும் ஆனார். இதை நான் மாப்பிள்ளையிடம் சொன்னேன். "நான் மீன் ஏற்றுமதிதானே அத்தை பார்க்கிறேன்" என்று சிரித்தார். அங்கே வளரும் என் பேத்திக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்றேன். பேத்திக்கு அப்போது தராசை விட மலைப்பாம்புதான் முக்கியமாக இருந்தது.

இனி பூதத்துக்கு வருகிறேன்.

சுகுமா மக்களின் மிகப் பிரபலமான கதை இது. ஷிங்வெங்வே என்று ஒரு பூதம். ஊரில் இருந்த அத்தனை பேரையும், ஆடு மாடுகளையும் விழுங்கிவிட்டது. ஒரு கர்ப்பிணிப் பெண் மட்டும் உமிக் குவியலுக்குள் ஒளிந்து தப்பினாள். அவளுக்கு ஒரு பையன் பிறந்தான். பெயர் மஸாலா குலங்வா. மஸாலா என்றால் அங்கே அறிவு, நம் ஊர் மசாலா இல்லை! வளர்ந்ததும் அப்பா எங்கே என்று கேட்டான். தாய் சொன்னாள். வில்லை எடுத்துக்கொண்டு போனான். ஒரு வெட்டுக்கிளியைக் கொன்று வந்து, "அம்மா, இதுதான் ஷிங்வெங்வேயா?" என்றான். இல்லை என்றாள். அடுத்து ஒரு பறவை. அடுத்து ஒரு மான். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே பதில். கடைசியில் நிஜமான பூதத்தையே கொன்று அதன் வயிற்றைக் கிழித்தான். அப்பாவும் ஊர் ஜனங்களும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் உலகத்தில் எல்லா ஊரிலும் இருக்கும் கதைதான். முடியவில்லை. பூதத்தைக் கிழிக்கும்போது கத்தி பட்டு, உள்ளே இருந்த ஒரு கிழவியின் காது அறுந்துவிட்டது. விடுதலையானதற்கு நன்றி சொல்லாமல் அவள் கோபப்பட்டாள், அவனுக்குச் சூனியம் வைக்கப் பார்த்தாள். அவன் மருந்து தேடிக் கொண்டுவந்து அவள் காதைக் குணமாக்கினான். அதற்குப் பிறகுதான் ஊர் அவனைத் தலைவனாக்கியது.

விடுதலைக் காலத்தில் அந்தப் பூதம் காலனியாட்சி என்று சொன்னவர்கள் உண்டு. தேவாலயத்தில் மஸாலா குலங்வாவை ஏசுவாகச் சொல்வதும் உண்டு. எனக்கு என்னவோ அந்தக் கிழவி மேல்தான் கண் போனது.

அதற்குக் காரணமும் இருக்கிறது. சுகுமா நாட்டுக்கு ஒரு இருண்ட பக்கம் உண்டு. சூனியக்காரி என்று சந்தேகப்பட்டு வயதான பெண்களைக் கொல்வது கடந்த ஐம்பது வருஷங்களில் அங்கே ஏராளமாக நடந்திருக்கிறது. கண் சிவந்திருந்தால் சூனியக்காரி என்று நம்பினார்கள். விறகு கிடைக்காமல் சாணத்தை எரித்து, புகை போக வழியில்லாத வீட்டில் காலமெல்லாம் சமைத்த கிழவியின் கண் சிவக்காமல் என்ன செய்யும்? நானும் சின்ன வயதில் புகை அடுப்பில் ஊதி ஊதிச் சமைத்தவள். அன்று வைத்தியர் வீட்டின் இருட்டுக்குள் நின்றபோது, இந்த மருந்துகளும் மந்திரப் பொருள்களும் காப்பாற்ற வேண்டிய மரபுதானா என்று மனசுக்குள் ஒரு சண்டை. அந்த வைத்தியர் பிரசவம் பார்த்திருப்பார், பாம்புக்கடிக்கு மருந்து கொடுத்திருப்பார். யாரோ ஒரு கிழவியைக் கை காட்டியும் இருப்பார்.

அந்த இளைஞரிடம் இதைக் கேட்டேன். பேத்தி முன்னால் கேட்டிருக்கக் கூடாது, ஆனாலும் கேட்டுவிட்டேன். அவர் மழுப்பவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வரும்போது இதையும் சொல்வோம் என்றார். வைத்தியம் வேறு, சூனியப் பழி வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, அந்தப் பிள்ளைகளின் வீட்டிலேயே பாட்டிகள் இருக்கிறார்கள் அல்லவா என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு பேத்தி ஒரு வாரம் எங்களைப் படுத்திவிட்டாள். சுவரில் பல்லி வந்தால், "ஆச்சி, இதுதான் ஷிங்வெங்வேயா?" கொசு அடித்தால், "இதுதான் ஷிங்வெங்வேயா?" நானும் "இல்லம்மா, அது ரொம்பப் பெரிசு" என்று அதே பதிலைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்: "ஆச்சி, அந்தப் பாட்டிக்கு மருந்து வச்சாங்கல்ல, அப்புறம் காது நல்லாக் கேட்டுச்சா?"

கதையில் அது இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது புலாபோவுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. இந்த ஜூனில் கட்டாயம் கூட்டிப்போவதாக மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். பாம்பு ஆட்டத்தைக் காணொளி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். காதைப் பற்றி அந்தத் தம்பியிடம் கேட்கவும் சொல்லியிருக்கிறேன். வந்தால் இங்கே போடுகிறேன்.